பிளேயர் இருக்க ரிசீவர் ஏன்?

டிஸ்க் பிளேயர் இருக்கிறதே, ஹோம் தியேட்டருக்குத் தனியாக ரிசீவர் எதற்கு? சும்மா பந்தாவுக்கா?

பாடகர் வந்துவிட்டார், சரி. மைக் செட்காரர் எங்கே?

பிளேயரின் பின்னால் ஆறோ எட்டோ ஆர்சிஏ துளைகள் இருந்தால், டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பெரும்பாலும் அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால், வருவது சுமார் இரண்டு வோல்ட் சமாசாரம். அதை நம்பி ஸ்பீக்கர் கோன் அசையாது. பவர் ஆம்ப் வாங்க வேண்டும், அல்லது ஆம்ப்பை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்பீக்கர்கள். மிச்சம் பிடித்த காசு அங்கே போகும்!

ஒப்போ பிளேயரை வைத்து நிஜமாகவே ரிசீவரைப் பரணில் ஏற்றியவர்கள் உண்டாமே?

உண்டு. பிடிபி-105 மாடலில் 7.1 அனலாக் வெளியீடு, வால்யூம் கட்டுப்பாடு, போதாததற்கு செட்டாப் பாக்ஸைச் செருக ஹெச்டிஎம்ஐ உள்ளீடு. டிஸ்க் சுழற்றத் தெரிந்த ப்ரீஆம்ப் என்றே சொல்லலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் பிடித்து அளந்து மெனுவில் நாமே போட வேண்டும். பல ரிசீவர்களில் அந்த வேலையைக் கூடவே வரும் மைக்கே பார்த்துக்கொள்ளும்.

2018-ல் ஒப்போ டிஜிட்டல் கடையைக் கட்டியது. இப்போது பழசைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

ரிசீவர் இல்லாமல் டால்பி அட்மாஸ் கேட்குமா?

கூரையிலிருந்து மழைச் சத்தம் கொட்ட வேண்டுமா? ரிசீவரைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஒப்போவிலிருந்து கடைசியாக வந்த யுடிபி-205கூட அட்மாஸைப் பிரிக்காமல் ஹெச்டிஎம்ஐயில் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும்.