ஓர் எவர்சில்வர் மூடியின் பொருட்டு

அனுப்புநர்:
சி பிளாக், மூன்றாம் மாடிக்காரன்
(பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை)

பெறுநர்:
கலைநிகழ்ச்சித் துணைக்குழு,
எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், சென்னைப் புறநகர்.

பொருள்: 'ஈஸி தீம் பார்ட்டி' – கௌபாய் உடை இல்லாமை – விலக்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) துணைக்குழுவின் வாட்ஸ்அப் சுற்றறிக்கை. 2) அதன் கீழே வரிசை கட்டி நின்ற கும்பிடு பொம்மைகள்.

மதிப்புக்குரிய துணைக்குழுவினருக்கு,

இம்மாதம் 'கௌபாய் நைட்' என்று அறிவித்திருக்கிறீர்கள். தொப்பி, பூட்ஸ், கட்டம் போட்ட சட்டை கட்டாயம். தலைக்கு 850 ரூபாய். "ரொம்ப ஈஸியான தீம் அங்கிள், குடும்பத்தோட வந்துடுங்க" என்று லிஃப்டில் வேறு நேரில் அழைத்தீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் என் தாத்தா நிஜமாகவே மாடு மேய்த்தவர். மணப்பாறைச் சந்தையில் மாடு பிடித்து ஊர் வரைக்கும் நடத்தியே ஓட்டி வந்தவர். தலையில் துண்டு, கையில் தார்க்குச்சி, காலில் ஒன்றும் கிடையாது. மாடு மேய்க்க 850 ரூபாய் கட்டியதாக எங்கள் பரம்பரையில் சரித்திரமே இல்லை. இந்த வயதில் நான் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைப்பது சரியாகப் படவில்லை.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. இதுவரை நடந்த எல்லா விருந்துக்கும் வந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

'ரெட்ரோ நைட்' நடந்தது. எண்பதுகளின் உடை என்றீர்கள். 1984-இல் தைத்த என் சொந்த சஃபாரி சூட்டை, பரணிலிருந்து இறக்கி, அந்துருண்டை வாசனையோடு போட்டு வந்தேன். "ஒரிஜினல் லுக் இல்லை" என்று நடுவர் மார்க்கைக் குறைத்தார். நாடக உடை வாடகைக் கடையில் பெல்பாட்டம் எடுத்து வந்த பையனுக்கு முதல் பரிசு. பெல்பாட்டம் எழுபதுகளின் சரக்கு என்று நான் சொன்னதை மைக் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

'ஒயிட் நைட்' வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினேன். இரண்டு பேர் எழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் மழைநீர்க் கால்வாய் விஷயமாக மனுவே கொடுத்துவிட்டார்.

'ஹவாய் நைட்'டை மறக்க முடியாது. வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பூமாலை போட்டீர்கள். ஹவாய்க்காரர்கள் மாலை தொடுக்கிற பூக்களில் ஒன்று நம் ஈழத்தலரி. டி பிளாக் ஓரத்தில் அந்த மரம் நிற்கிறது. அன்று காலையில்தான் வாட்ச்மேன் அதன் பூக்களைக் கூடை கூடையாகக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினார். சாயங்காலம் அதே பூ பிளாஸ்டிக்கில் வந்து என் கழுத்தை அறுத்தது. சாப்பாடு தெர்மகோல் தட்டில். 2019 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் அதற்குத் தடை இருப்பதை ஹவாயில் அறிந்திருக்க மாட்டார்கள்தான். சத்தத்துக்கும் அப்படித்தான்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டே விதி போட்டுவிட்டார்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நம் டிஜே சரியாக 10 மணிக்குத்தான் "சத்தம் பத்தலையே!" என்று கேட்டார்.

விலக்கு மட்டும் கேட்டால் வெறும் முணுமுணுப்பாகப் போய்விடும். ஆகவே, செலவில்லாத சில தீம்களைப் பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

ஒன்று, சித்ரா பௌர்ணமி. மொட்டை மாடியில் நிலாச்சோறு. வீட்டுக்கொரு பாத்திரம். லைட்டிங் மேலிருந்து வரும், வாடகை இல்லை. வயதில் மூத்த பாட்டி ஒருவர் நடுவில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிசைந்து, வரிசையாக நீளும் கைகளில் உருண்டை வைப்பார். புளியோதரையை ஏழு வீட்டார் கொண்டு வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே துணைக்குழுவின் வேலை.

இரண்டு, ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் சித்ரான்னம். நம் பக்கத்து ஆறு டிசம்பரில்தான் வரும், அதுவும் வீட்டுக்குள்ளேயே வரும் என்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை.

மூன்று, கொலு. தீம் என்ற சொல் வருவதற்கு முன்பே ஒற்றைப்படையில் படி கட்டி, மரப்பாச்சியையும் கடை பரப்பிய செட்டியார் பொம்மையையும் வைத்து, கீழே பூங்கா, தெப்பக்குளம், கிரிக்கெட் மைதானம் என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள், நாளுக்கொரு சுண்டல். நுழைவுக் கட்டணம் ஒரு பாட்டு. சுருதி சேராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். போகும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி. அந்தத் துணி தைக்கப்படாமலேயே நான்கு பிளாக்கையும் சுற்றிவிட்டு, மூன்றாம் வருஷம் கொடுத்தவர் வீட்டுக்கே வந்து சேரும். ரூபாய் நோட்டுகூட இவ்வளவு ஒழுங்காகப் புழங்குவதில்லை.

நான்காவதைச் சொல்வதற்கு முன், உங்கள் நிகழ்ச்சிப் பதிவேட்டில் விட்டுப்போன ஒரு விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 4-ஆம் தேதி முழுக்கக் கொட்டியது. கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை, போன் சிக்னல் இல்லை. மறுநாள் மழை ஓய்ந்தது, கரண்ட் வரவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த மாவு பொங்கி வழிய ஆரம்பித்ததும் எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டி, "உங்க வீட்டுல இட்லிக் குண்டான் பெருசா இருக்கா?" என்றார். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

சாயங்காலத்துக்குள் கேஸ் அடுப்புகள் மாடி ஏறிவிட்டன. கெட்டுப்போவதற்குள் தீர்க்க வேண்டும் என்று அவரவர் கையில் இருந்ததெல்லாம் வந்தது: உருகிய இறால், பாதி அரைத்த தேங்காய், யாருக்கோ வளைகாப்புக்கு வாங்கிய கோவா. மூன்று வீட்டுச் சாம்பாரை ஒரே அண்டாவில் ஊற்றிச் சுட வைத்தோம். மூன்று வீட்டாரும் தத்தம் சாம்பாரின் ருசிதான் தூக்கலாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். பால் கிடைக்காததால் கடுங்காப்பி. எதிர் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பரமக்குடி என்பதும், டி பிளாக் மாமிக்கு இருட்டென்றால் பயம் என்பதும், உங்கள் தலைவர் நன்றாகவே வெங்காயம் நறுக்குவார் என்பதும் அன்றுதான் தெரிந்தன. உடை? எல்லோரும் லுங்கியிலும் நைட்டியிலும் இருந்தோம். யாரும் மார்க் போடவில்லை.

ஆகவே நான்காவது தீம்: டப்பா திருப்பும் நாள். நம் எல்லார் வீட்டிலும் அடுத்த வீட்டுப் பாத்திரம் ஒன்றாவது இருக்கிறது. நோன்புக் கஞ்சி வந்த தூக்கு, கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டு, கொழுக்கட்டை வந்த டப்பா. வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பதால் 'நல்லதாக ஏதாவது செய்யும்போது கொடுக்கலாம்' என்று வைத்து, வைத்த இடமும் மறந்துபோனவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றையெல்லாம் நிரப்பி எடுத்துக்கொண்டு கீழே வருவோம். பெயர் வெட்டிய பாத்திரங்கள் என்பதால் யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைப் பாத்திரமே சொல்லிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்த உற்சாகத்தில், வரும் டிசம்பரில் 'மிக்ஜாம் நைட்' என்று அறிவித்து, லுங்கி கட்டாயம், தலைக்கு 950, செயற்கை மழைக்குத் தனி டோக்கன் என்று சுற்றறிக்கை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சி பிளாக் மூன்றாம் மாடிக்காரன்

பி.கு: அந்த மாடி விருந்தில் கலந்துபோன பாத்திரங்களில் ஓர் எவர்சில்வர் மூடி என்னிடம் தங்கிவிட்டது. விளிம்பில் 'எ.க. 1987' என்று புள்ளி எழுத்தில் வெட்டியிருக்கிறது. யாருடையது என்று கேட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன்; பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள், ஒருவரும் வரவில்லை. மூடியில் எதையும் நிரப்பித் தர முடியாது. ஆகவே உரியவர் வந்தால் ஒரு டம்ளர் காப்பி தரப்படும். டிரஸ் கோடு இல்லை.