இடிந்த கோட்டையின் உபகாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கிலாந்தின் தெற்கே, டார்செட் மாவட்டத்தில், கோர்ஃப் காஸில் என்றொரு சின்னக் கிராமம் இருக்கிறது. கோட்டையின் பெயர்தான் ஊருக்கும். கீழே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். குன்றின் மேல் கோட்டை. கோட்டை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூரை கிடையாது, கதவு கிடையாது, நுழைவாயில் கோபுரத்தில் ஒரு பாதி கீழே சரிந்து நிற்கிறது. இதைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கி மேடேறுகிறார்கள். வெள்ளைக்காரனுக்குப் பைத்தியம் என்று நீங்கள் தீர்ப்பு எழுதுமுன் என் கட்சியையும் கேளுங்கள்: முழுசாக நின்ற காலத்தில் ஊருக்குச் செய்யாத நன்மையை, இந்தக் கோட்டை இடிந்த பிறகுதான் செய்தது.

வரவு செலவைப் பாருங்கள். 978-இல் எட்வர்ட் என்ற இளம் மன்னர் கோர்ஃபில்தான் கொலையுண்டார். அப்போது இந்தக் கல்கோட்டை எழும்பவே இல்லை. இடத்தின் ராசி மட்டும் தெரிந்துவிட்டது. நார்மன் மன்னர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி காலத்தில், சுமார் 21 மீட்டர் உயரப் பெருங்கோபுரம் எழுந்தது. பிடிபட்ட வீரர்களை ஜான் மன்னர் இங்கே பட்டினி போட்டே கொன்றார் என்று அக்காலத்து மடாலயக் குறிப்பு சொல்கிறது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது கோட்டை மன்னர் கட்சியைச் சேர்ந்த பேங்க்ஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. 1643-இல் நாடாளுமன்றப் படை முற்றுகையிட, மேரி பேங்க்ஸ் சீமாட்டி வீரமாகத் தாக்குப்பிடித்தார். அடி வாங்கியது ஊர்தான்: தேவாலயம் பட்டாளத்தின் முகாமானது, அதன் கூரை ஈயம் துப்பாக்கிக் குண்டானது. 1646-இல் உள்ளே இருந்த அதிகாரியே காட்டிக்கொடுக்கக் கோட்டை விழுந்தது. இனி யாரும் இதற்குள் பதுங்கக்கூடாது என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. சீமாட்டியின் துணிச்சலை மெச்சிச் சாவிகளை மட்டும் அவரிடமே விட்டார்களாம். கதவில்லாத கோட்டையின் சாவிகள், அந்தக் குடும்பத்தின் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஊராருக்கு நல்ல காலம் அப்புறம்தான் பிறந்தது. ராஜாக்கள் காசு கொடுத்து வெட்டி, செதுக்கி, மேலேற்றிய கல், இப்போது இறக்கத்தில் இலவசம். பல வீட்டுச் சுவர்களுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. 1980-களின் தொடக்கத்தில் கோட்டை உயில்வழியாக பழமையைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்தது. 1885-இல் வந்து 1972-இல் மூடப்பட்ட ரயில் கிளையைக்கூடத் தொண்டர்கள் உயிர்ப்பித்து, குன்றின் அடிவாரத்தில் நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள். வருகிறவர்கள் ஊரில்தான் தேநீர் குடிக்கிறார்கள்.

கோட்டையால்தானே ஊருக்குக் கௌரவம், இந்தச் சிற்றூர் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை அனுப்பியதே என்பீர்கள். அனுப்பியது உண்மை. ஆனால் கோட்டை இடிந்த பின்னும் 186 வருஷம், 1832 வரை, அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்த இடங்களும் நிலக்கிழார்களின் சட்டைப்பைக்குள் இருந்தன. சரி, காசுள்ள தேசம், திருப்பிக் கட்டலாமே? கட்டலாம், முதலில் ஊரார் வீடுகளைப் பிரித்துக் கல்லைத் திருப்பி வாங்க வேண்டும். தவிர, சரிந்த கோபுரம்தான் 1646-க்குச் சாட்சி. அதை நிமிர்த்தினால் சாட்சியைக் கலைத்த பாவம் வரும். முழுக் கோட்டைதான் வேண்டுமென்றால், இடிபடுவதற்கு முன்பிருந்த ஊரையும் கோட்டையையும் இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டி அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதில் யாரையும் சிறை வைக்க முடியாது என்பது கூடுதல் வசதி. பழமையைக் காசாக்குவது முறையா என்றால், இடிந்த சுவர் தானாக நிற்காது மாமா. மழையும் உறைபனியும் கல்லிடுக்கில் புகுந்துகொண்டே இருக்கும். இடிந்ததை மேலும் இடியாமல் காக்கக் கொத்தனாருக்குக் கூலி வேண்டும். வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: அழகில் மயங்கி வெளியூர்ப் பணக்காரர்கள் இரண்டாவது வீடு வாங்குவதால், அந்தப் பக்கத்தில் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியாகிறது. முற்றுகை முடியவில்லை, படைதான் மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதற்கு வீட்டுச் சட்டம்தான் மருந்தே தவிர, கோட்டையின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஆகவே, பழையது எதைக் கண்டாலும் சிமெண்ட் பூசிச் சரிபண்ணிவிட வேண்டும் என்ற உங்கள் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் மட்டும் விதிவிலக்கு. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். மழைக்கு முன் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்