மஞ்சளுக்குள் ஒரு மறைவட்டம்

கே: பூவை எதற்குப் புற ஊதா ஒளியில் படம் எடுக்கிறார்கள்? மஞ்சள் பூ என்றால் மஞ்சள்தானே! – செக்கிங் மாஸ்டர் ஒருவர், திருப்பூர்

ப: வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று பனியன் துணியை விட்டுவிடுவீர்களா? லைட் பாக்ஸில் யூ.வி. டியூபைப் போட்டதும் ஒரு ரோல் நீலமாகப் பளீரிடும்; பக்கத்து ரோல் மங்கிக் கிடக்கும். வெண்மையூட்டி காட்டிக்கொடுத்துவிடும்!

பூவிலும் ஒரு ரகசியம் உண்டு. நமக்கு இதழெல்லாம் மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி, புற ஊதாப் படத்தில் நடுவைச் சுற்றி இருண்ட வட்டத்தோடு நிற்கும். தேனீக்கு அதுதான் ‘கடை இங்கே’ போர்டு.

வெண்மையூட்டி போட்ட துணி புற ஊதாக் கதிரை வாங்கி, நீலமாக ஒளிர்கிறது. பூவோ அந்தக் கதிரை இதழ் நுனியில் திருப்பி அனுப்பி, அடியில் விழுங்கிக்கொள்கிறது. நம் கண் லென்ஸ் அதை வடிகட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பூ பூப்பது நமக்காக மட்டுமல்ல, தேனீக்காகவும்தான். வரப்பில் பூத்திருக்கும் செடிகள்மேல் களைக்கொல்லி அடிக்கும் முன் அதை நினைத்துக்கொள்வோம்.