விசா அடிச்சாச்சா?

துபாயில் எந்தத் தமிழரிடம் என் ஊர் ஐயம்பேட்டை என்று சொன்னாலும், "தஞ்சாவூர் ஐயம்பேட்டைதானே? நம்ம மச்சான் ஊருக்குப் பக்கம்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவதில் அந்த ஐயம்பேட்டைக்குத் தனிப் பெயர். என்னுடையது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருப்பது. அங்கிருந்து வெளியூர் போவது பெரும்பாலும் பட்டுப்புடவைதான். நான் புடவைக்கு நடுவில் தவறி வந்துவிட்ட சரக்கு.

சரக்குக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். ரஜினிகாந்துக்கு 2024இல் கோல்டன் விசா கொடுத்தார்கள். அது பத்து வருட விவகாரம். குடோனில் கணக்கெழுதுகிறவனுக்கு இரண்டே வருடம். தேதியும் போய், அதற்குமேல் தரும் அவகாசமும் போய்விட்டால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். நம் பணத்தில் ஆயிரத்தைத் தாண்டும்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே வீட்டிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். "விசா அடிச்சாச்சா?" பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதை 2022இலேயே நிறுத்திவிட்டார்கள், இப்போது எமிரேட்ஸ் ஐடி அட்டைதான் என்று விளக்கி ஓய்ந்துவிட்டேன். "அட்டையெல்லாம் ரேஷனுக்கு. விசான்னா அடிக்கணும்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

அப்பாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தறியில் பாவு தீரப்போகிறதென்றால் அதை மொத்தமாக உருவிவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டுப்போனாலும் புடவை நெடுகக் காட்டிக்கொடுக்கும். "அதேதாம்பா. தீர்றதுக்குள்ள சேர்த்துடு" என்றார்.

முதல் இழை டைப்பிங் சென்டர். அங்கே ஒரு மலையாளி சேட்டன் என் விவரங்களை அரபியில் தட்டுவார். அப்பா பெயரில் ஒரு 'ழ' உண்டு. ஆங்கிலத்துக்குப் போனபோதே பாதி உயிர் போய்விட்டது. அரபியில் அடக்கமே செய்துவிட்டார்கள். ஆனால் ஊர்ப்பெயரில் ஓர் அதிசயம். அரபியில் 'பழம்' என்பதன் ப கிடையாது, 'பாக்கியம்' என்பதன் ப மட்டுமே. ஆகவே பேட்டை அந்தப் ப-வில்தான் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் 'ம்'முக்குப் பின்னால் வருவதால் நாமும் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம்! எங்கள் ஊரை ஊர்க்காரன் வாய்ப்படி எழுதியது அரபிதான். சேட்டனிடம் சொன்னேன். "அடுத்த ஆள்" என்றார்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. எச்ஐவிக்கு ரத்தம், காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே. நமக்கு இனிஷியல் என்ற ஓர் எழுத்தோடு முடிந்த விஷயம், பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று முழு அப்பாவாக வளர்ந்துவிட்டது. எனவே மைக்கில் எப்போதும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஐயம்பேட்டையில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை துபாயில் ரத்தம் கொடுக்க அழைத்தார்கள். பெற்ற கடனுக்கு நான் எழுந்து போனேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். புதுப்பிக்கிற பலருக்குப் பழைய கைரேகையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மட்டும், ரேகையை மறுபடி பதிய வா என்று குறுஞ்செய்தி. போனேன். கண்ணாடியில் விரலை வைத்தால் இயந்திரம் சிவப்பைக் காட்டியது. துடைத்து வைத்தேன், சிவப்பு. ஈரம் தொட்டு வைத்தேன், சிவப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண் என் விரலைத் திருப்பிப் பார்த்து, என்ன வேலை செய்தீர்கள் என்றார்.

என்னவென்று சொல்வது? பத்து வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா போட்டேன். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் ஒருவரால் நெய்ய முடியாது, மூன்று நாடா ஓடும், இரண்டாவது ஆள் வேண்டும். பிறகு 25 வயது வரை நானே நெய்தேன். சாம்பலைத் தொட்டு இழை முறுக்கிய விரல்கள். ரேகை அதில் தேய்ந்ததா, ஆறு பேர் இருக்கும் ரூமில் பத்து வருடம் பாத்திரம் தேய்த்ததில் தேய்ந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. "பட்டு" என்றேன். புரிந்தமாதிரி தலையாட்டி, விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். ஒன்பது விரல் பச்சையானது. வலது கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. "அடுத்த வாரம் வாருங்கள், கிரீம் தடவிக்கொண்டு."

இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன், உற்சாகமாகிவிட்டார்.

"எனக்கும் அதே விரல்தாண்டா! ரேஷன் கடையில மூணு மாசமா விழல. போன வாரம் உங்கம்மா வந்து வச்சா, உடனே பருப்பு போட்டுட்டான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க வேணும்னா அவளை அனுப்பட்டுமா?" என்றார்.