மலையில்லாத மலையும் குட்டி ஊர்களும்

கேள்வி: சுவாமிமலையைச் சுற்றி ஒரு கூப்பாடு போட்டால் நாலு ஊருக்குக் கேட்கும் போலிருக்கிறதே! இத்தனை குட்டி ஊர்களுக்குத் தனித்தனியாகப் பெயர் எதற்கு?

பதில்: மலையே இல்லாத ஊருக்கு சுவாமிமலை என்று பெயர் இருக்கலாம் (60 படி ஏறுகிறீர்களே, அது கட்டுமலை), குட்டி ஊருக்குப் பெயர் இருக்கக்கூடாதா? வாய்க்கால் பாய்கிற இடமெல்லாம் நெல். மடை திறக்க, வரப்பு வெட்ட, ராத்திரி தண்ணீர் பார்க்க ஆள் கிட்டத்திலேயே இருந்தாக வேண்டும். டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து மடை திறக்க முடியுமா?

வீட்டை எண்ணி ஊரை எடை போடாதீர்கள். திருப்புறம்பியத்தில் 9-ஆம் நூற்றாண்டில் பல்லவனும் பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். லாபம் என்னவோ சோழனுக்கு! புள்ளபூதங்குடியும் ஆதனூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டுமே 108 திவ்ய தேசங்களில் சேர்த்தி. உமையாள்புரம் என்று சொன்னாலே காதில் மிருதங்கம் கேட்கிறது. வண்டல் மண்ணுக்கும் இங்கே இரட்டை உத்தியோகம்: வயலில் நெல், பட்டறையில் சிலை. மெழுகு உருவத்தின் மேல் அந்த மண்ணைத்தான் பூசிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் இறங்குகிறது.

நம்பிக்கை வரவில்லையா? காவிரி வலமாகச் சுழித்த திருவலஞ்சுழியில் இறங்கி வெள்ளைப் பிள்ளையாரைப் பாருங்கள். கடல்நுரையில் ஆனவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, பச்சைக் கற்பூரப் பொடியோடு சரி.