சுதி சேரும் நேரத்தில் ஔவை பேசியது

தர்மபுரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதியமான், ஔவை, நெல்லிக்கனி மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். நெல்லிக்கனி பள்ளிக்கூடத்துக்கானது, அதை வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஊர் தகடூராக இருந்த காலத்தில், ராஜா அதியமானின் அரண்மனையில் ஔவை அடித்த லூட்டி வேறு.

முதலில் கிழவியின் கையிலிருந்து கோலைப் பிடுங்க வேண்டும். 1953இல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நடந்துபோனதிலிருந்து ஔவை என்றால் நமக்கு நரைத்த தலையும் திருநீறும்தான். புறநானூற்றில் ஒரு பகையரசன் இவளைப் பார்க்கிறான். மை தீட்டிய கண், பளபளக்கும் நெற்றி, இடுப்பில் நகை. ஏதோ ஆடிப் பாடிப் பிழைக்கிற விறலி, பொழுதுபோக்காக வம்பளக்கலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. "உங்கள் ஊரில் சண்டை போட ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டுவைத்தான்.

இவள் அசரவில்லை. இருக்கிறார்களே, கம்பை ஓங்கினாலும் ஒதுங்காத பாம்பு மாதிரிப் பையன்கள் என்றாள். அப்புறம் எங்கள் ராஜா ஒருத்தர் இருக்கிறார். மன்றத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்ணுமைப் பறையில் காற்றுப் பட்டுச் சத்தம் வந்தால்கூட, ஆகா போர் வந்துவிட்டது என்று கிளம்பிவிடுவார் என்றாள். அது புகழ்ச்சிதான். ஆனால் காற்றடித்தாலே கிளம்புகிறவனிடம் வேலை பார்க்கிறவளின் அலுப்பும் அதற்குள் இருக்கிறது.

இதையெல்லாம் அவள் பாடிய யாழ் போய்விட்டது. என்ன பண், என்ன தாளம், எவருக்கும் தெரியாது. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது நம் கைக்கு வந்தது வெறும் சொல். அதைப் பாட்டு என்று படிக்கிறோம். எனக்கென்னவோ அதில் பாதி, நரம்பை முறுக்கிச் சுதி சேர்க்கிற இடைவெளியில் அவள் விட்ட வாய் என்றே படுகிறது. அவளே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறாள்: குழந்தையின் மழலை யாழோடும் சேராது, காலத்தோடும் ஒட்டாது, அர்த்தமும் புரியாது, ஆனாலும் பெற்றவனுக்கு இனிக்கும், நான் பேசுவதும் உனக்கு அப்படித்தான் அதியமான் அஞ்சி என்று.

இப்படிப்பட்டவளைக் காஞ்சியின் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் அதியமான். காஞ்சிக்காரன் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான். மயில்பீலி, மாலை, நெய்ப்பூச்சு, காவல் என்று ஆயுதங்களுக்கு மாப்பிள்ளை உபசாரம். ஔவை சுற்றிப் பார்த்தாள். உங்களுடையது எவ்வளவு அழகாக இருக்கிறது, எங்களுடையது குத்திக் குத்தி நுனி உடைந்து எப்போதும் கொல்லன் கொட்டிலிலேயே கிடக்கிறது என்று வருத்தப்பட்டாள். தொண்டைமானுக்கு உறைத்ததா, இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்ததா, தெரியவில்லை.

வெளியூர் ராஜாவுக்கு மட்டும்தான் இந்தச் சவடால் என்று நினைக்க வேண்டாம். ஒரு சமயம் அதியமானே பரிசில் கொடுக்க நாளைக் கடத்தினான். இன்றைக்கு வா, நாளைக்கு வா. ஔவை உள்ளே போய்ச் சண்டை போடவில்லை. வாசல்காரனைப் பிடித்தாள். இல்லையென்று வருகிறவர்களுக்குக் கதவடைக்காத வாசல்காரரே, எனக்கு ஒரு சந்தேகம்; உங்கள் ராஜாவுக்குத் தான் யார் என்று தெரியவில்லையா, நான் யார் என்று தெரியவில்லையா? அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாரும் செத்து உலகம் காலியாகிவிடவில்லை. யாழைத் தூக்கியாச்சு, மூட்டையைக் கட்டியாச்சு. கோடாலியோடு காட்டுக்குள் போகிற தச்சன் பிள்ளைக்கு மரமா கிடைக்காது? எந்தப் பக்கம் போனாலும் சோறு உண்டு.

இப்படி வாசலில் வாய் விட்டவர் அயர்லாந்திலும் உண்டு. டர்லக் ஓ'கரோலன் என்று ஒருவர், 1670 முதல் 1738 வரை இருந்தவர். கண் தெரியாது; அந்த ஊர் யாழான ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு பிரபு வீடு வீடாகப் போய் வாசித்தார். ஒரு வீட்டில் பட்லர் குடிக்கத் தர மறுத்துவிட்டானாம். நரகத்து வாசலுக்கு இவனைக் காவல் போட்டால் ஒருத்தனும் உள்ளே போக முடியாதே என்று பாடிவிட்டு வந்தாராம். இன்றைக்கும் அங்கே ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கதையும் கிண்டலும் ஓடுகிறது. ஆனால் ஓ'கரோலன் அடித்தது வேலைக்காரனை. நம்மவள் வேலைக்காரனை மரியாதையாக நிற்க வைத்து முதலாளியை அடித்தாள். இந்த வித்தையைப் பிற்பாடு கற்றுக்கொண்டவன் நம் பக்கத்துக் கூத்தில் வருகிற கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் வரவுப்பாட்டு முடிகிறவரை காத்திருந்து, துரியோதன மகாராஜாவையே "யாருய்யா நீ, எதுக்கு வந்தே?" என்று கேட்கிறவன்.

கடைசியில் சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான், தகடூர் விழுந்தது. அதியமான் மார்பில் வேல் பாய்ந்து செத்தான். ஔவை ஒப்பாரி வைத்தாள், அதுவும் கள்ளில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் இருந்தால் எங்களுக்கே ஊற்றிவிடுவான், நிறைய இருந்தால் எங்களைப் பாடவிட்டுத் தானும் குடிப்பான். கறித்துண்டு கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வருகிற இடத்தில் அவன். இனிப் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை என்று கடையைச் சாத்தினாள்.

இன்னொரு பாட்டில் பார்த்தால், பனி பெய்கிற விடியற்காலையில் அதியமானின் மகன் எழினியின் வாசலில் கிணைப்பறையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். எது முந்தி, எது பிந்தி என்று உரைகாரர்கள் அடித்துக்கொள்ளட்டும். கிணற்றுப் பாசியின் வேர் மாதிரி நைந்துபோன அவளுடைய துணியைக் களையச் சொல்லிப் புதுத் துணி கொடுத்தான் பையன். குடி என்று நாள்பட்ட கள்ளையும் ஊற்றினான். தேள் கொட்டியது போலிருந்தது என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் போனாள்.