தன் ஃபிளெக்ஸைத் தானே கட்டுதல்: சேலம்–நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

லிங்க்ட்இன் தளத்தில் சுயவிவரம் நிரப்பப் போனால் படிப்பு, அனுபவம், தெரிந்த மொழிகள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஒரு மூலையில் 'தேர்வு மதிப்பெண்கள்' என்றும் ஒரு பகுதியைக் காட்டும். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்ட மனமில்லாத சிலர் அதில் தம் ஐ.க்யூ.வை எழுதி வைக்கிறார்கள். எழுதலாமா, கூடாதா என்பது உலகம் முழுக்க உள்ள சிக்கல்தான். ஆயினும் சேலம், நாமக்கல் மாவட்டத்தாருக்கு இதில் கருத்துச் சொல்லத் தனித் தகுதி உண்டு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: வடக்கே மேட்டூர் அணை, கிழக்கே ஆத்தூர், மேற்கே காவிரி, தெற்கே மோகனூர். ஏற்காடும் கொல்லிமலையும் விலக்கப்பட்டன. தலைப்பில் சமவெளி என்று போட்டுவிட்டு மேலே ஏறினால் நெறியாளர் கேள்வி கேட்பார்.

கருதுகோள்: இச்சமவெளியில் மதிப்பெண் எடுத்தவருக்குச் சொந்தமல்ல; காட்டுபவருக்கே சொந்தம்.

இதற்கான முதன்மைச் சான்று ஃபிளெக்ஸ் பேனர். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலோடு கூடிய பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மே மாதம் பஸ்ஸில் போனவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் ரவுண்டானா, பஸ் ஸ்டாண்டு, பேக்கரி மாடி எல்லா இடத்திலும் சட்டம் அடித்து நிமிர்ந்து நிற்கும். அதன் அமைப்பை நெருங்கிப் பார்த்தால் சமூகவியல் விளங்கும். இடதுபக்கம் மேலிருந்து கீழ்வரை, கைகூப்பிய கோலத்தில் பள்ளித் தாளாளர். வலப்பக்கம் வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டிய பிள்ளைகளின் முகங்கள், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு. முகத்தைவிட முகத்துக்குக் கீழே உள்ள எண் பெரிது. எண்ணைவிடத் தாளாளர் பெரியவர். பிள்ளையின் பெயர் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். ஊர்க்காரர்களும், "அந்த ஸ்கூல்ல 1180 வாங்கியிருக்காங்க" என்றுதான் சொல்வார்களே ஒழிய, வாங்கிய பிள்ளை யார் என்று கேட்பதில்லை.

2017 மே மாதத்தில் தமிழக அரசு, பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. அன்றைக்கு ஃபிளெக்ஸ் கடைகளில் ஒரு துக்கம் நிலவியது என்பது என் ஊகம், புள்ளிவிவரம் கேட்காதீர்கள். உலக அளவிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 'மிக உயர்ந்த ஐ.க்யூ.' என்றொரு பிரிவை வைத்திருந்த கின்னஸ் புத்தகம், இந்தச் சோதனைகளை நம்பி ஒருவரை முதலிடம் என்று சொல்ல முடியாதென்று 1990இல் அதை எடுத்துவிட்டது. நம் அரசு கின்னஸைவிட 27 ஆண்டு தாமதம். ரேங்க் போனாலும் ஃபிளெக்ஸ் போகவில்லை. நீட் மதிப்பெண்ணோடு திரும்பி வந்துவிட்டது.

லிங்க்ட்இன்னில் ஐ.க்யூ. எழுதுபவரின் நிலை இப்போது தெளிவாகும். அவருக்குத் தாளாளர் இல்லை. சட்டம் அடிக்கவும் கயிறு கட்டவும் ஆள் இல்லை. ஆகவே அவரே மாணவர், அவரே தாளாளர். ஏணியில் ஏறித் தன் ஃபிளெக்ஸைத் தானே கட்டுகிறார். பார்ப்பவருக்கு வரும் கூச்சம் அந்த எண்ணைப் பார்த்து வருவதல்ல, அந்த ஏணியைப் பார்த்து வருவது.

எண்ணிலும் வில்லங்கம் உண்டு. பிளஸ் டூ மொத்த மதிப்பெண் முன்பு 1200. 2019 மார்ச் தேர்விலிருந்து 600. இதனால் இச்சமவெளியின் பல வீடுகளில் ஒரு விசித்திரம் நேர்ந்தது: 1050 எடுத்த அண்ணனும் 570 எடுத்த தங்கையும் ஒரே கூரையின் கீழ் வாழ, பேரன்தான் ரெட்டிப்புக் கெட்டிக்காரன் என்று பாட்டி கடைசிவரை நம்பினாள். ஐ.க்யூ.விலும் இதே கதைதான். சராசரி 100 என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் மதிப்பெண்கள் அதிலிருந்து விலகும் விரிவை 15 என்று வைக்கும் அளவுகோலும் உண்டு, 24 என்று வைக்கும் காட்டெல் அளவுகோலும் உண்டு. நூற்றில் இரண்டு பேருக்கு மட்டுமே இடம் தரும் மென்சா சங்கத்தின் வாசற்படி முதல் அளவில் ஏறத்தாழ 130, காட்டெல் அளவில் 148. ஒரே ஆள், ஒரே மூளை, பதினெட்டு வித்தியாசம். எந்த அளவுகோல் என்று சொல்லாமல் 148 என்று போடுகிறவர், எத்தனைக்கு என்று சொல்லாமல் 1050 என்று சொல்லும் பேரனுக்குச் சமம்.

இந்தச் சோதனை பிறந்ததே தற்பெருமைக்காக அல்ல. பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905இல் இதை உருவாக்கியது, பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டறியத்தான். ஐ.க்யூ. என்ற பெயரையே பினே கேட்டதில்லை. அவர் 1911இல் போய்ச் சேர்ந்தார், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் அந்தக் கணக்கை வில்லியம் ஸ்டெர்ன் 1912இல்தான் போட்டார். இன்றைக்கும் நம்மூர் அரசு மருத்துவமனையில் ஐ.க்யூ.வைப் பார்த்து எழுதித் தருவது, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும்போதுதான். அங்கே அந்த எண்ணைக் கையில் வாங்கும் தாய்க்கு அதனால் ஓர் உதவித்தொகை வரும், ஒரு பஸ் பாஸ் வரும். லிங்க்ட்இன்னில் எழுதுபவருக்கு என்ன வரும் என்பதே கேள்வி.

வேலை வரும் என்பார்கள். வராமலும் போகும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், 1996இல் போலீஸ் வேலைக்கு மனு போட்ட ஒருவர் அறிவுச் சோதனையில் 33 எடுத்தார். அந்த ஊர்க் காவல்துறை 20 முதல் 27 வரை எடுத்தவர்களைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அதிக அறிவுள்ளவருக்கு அந்த வேலை சீக்கிரம் சலித்துவிடும், பயிற்சி கொடுத்த செலவு வீண் என்பது அவர்கள் வாதம். அவர் வழக்குப் போட்டார். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காவல்துறை பக்கமே நின்றது. நம்மூர்ப் பெண் வீட்டாருக்கு இத்தீர்ப்பு புதிதல்ல. "பையன் ரொம்பப் படிச்சிருக்கானுங்க, நமக்கு ஒத்து வராதுங்க" என்று அவர்கள் எந்த நீதிமன்றத்தையும் கேட்காமலே தள்ளிவிடுகிறார்கள்.

பெண் வீடு என்றதும் தரகரை விட்டுவிட முடியாது. சுயவிவரம் எழுதும் கலையில் இச்சமவெளியின் மூத்த அறிஞர்கள் திருமணத் தரகர்களே. திருச்செங்கோட்டுப் பக்கத் தரகர் ஒருவரிடம் ஐ.க்யூ. பற்றிக் கேட்டேன். "அது யாருக்குங்க வேணும்? என்ன வேலை, என்ன சம்பளம், என்ன வயசு. முதல் மூணு வரியில இது வந்துரோணும்" என்றார்.

இவ்விதிக்கு முழுக்க உட்பட்டு எழுதப்பட்ட ஒரு சுயவிவரம் நூறாண்டுக்கு முன்பே இருக்கிறது. 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு, கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி பெயருக்குப் போன கடிதம் அது. எழுதியவர் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன். அவர் குடும்பம் கும்பிட்ட தெய்வம் நாமக்கல் மலையடிவாரத்து நாமகிரித் தாயார், ஆகவே எங்கள் ஆய்வு எல்லைக்குள் அவர் சட்டப்படியே வருகிறார். கடிதத்தின் தொடக்கத்திலேயே, துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்கிறார், ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளம் என்கிறார், வயதைச் சொல்கிறார். தரகர் கேட்ட மூன்றும் தரகர் கேட்ட வரிசையிலேயே வந்துவிட்டன. (வயதை மட்டும் இரண்டு வருஷம் குறைத்துப் போட்டிருக்கிறார். அதிலும் தரகர் மரபு மீறப்படவில்லை.) பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்றும் மறைக்காமல் எழுதினார், எஃப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவே இல்லை. காட்ட மதிப்பெண் ஒன்றும் கையில் இல்லாததால், பின்னாலேயே பக்கம் பக்கமாகத் தேற்றங்களை அடுக்கிவிட்டார். ஹார்டி படித்து மிரண்டது அந்தப் பக்கங்களைத்தான்.

பின்னாளில் ஹார்டி விளையாட்டாகக் கணித மேதைகளுக்கு மதிப்பெண் போட்டாராம்: தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100. இந்த 100ஐ ராமானுஜன் இன்றைக்கு லிங்க்ட்இன்னில் போட்டிருந்தால், ஹெச்.ஆர். ஆள் பார்த்துவிட்டு 'சராசரி' என்று தள்ளிவிட்டிருப்பார்.

அப்படியானால் போடவே கூடாதா? அவ்வளவு கறாராக முடிக்க வேண்டியதில்லை. இதற்கு ஒழுங்குமுறை ஒன்று நாமக்கல் லாரிகளில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பாடி கட்டும் பட்டறையில் கடைசியாக வேலை செய்பவர் பெயிண்டர். கேபினுக்குப் பின்னால் பக்கவாட்டுப் பலகையில் வெள்ளை அடித்து, கறுப்பில் உரிமையாளர் பெயர் எழுதி, அதற்குக் கீழே யூ.எல்.டபிள்யூ., ஆர்.எல்.டபிள்யூ. என்று இரண்டு எடைகளை எழுதுவார். ஒன்று வெறும் வண்டியின் எடை, மற்றது சரக்கு ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய உச்ச எடை. ஏற்றிய எடையை மட்டும் எழுதிக்கொண்டு ரோட்டில் போக எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் விடமாட்டார். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எந்தத் தேதியோடு முடிகிறது என்பதும் பலகையில் இருக்கும். தேதி முடிந்தால் வண்டி எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் எடுக்க முடியாது.

ஐ.க்யூ.வுக்கும் எஃப்.சி. உண்டு. நியூசிலாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கர்களின் சோதனை மதிப்பெண் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் அளவுகோலைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிறார்கள். வெக்ஸ்லரின் பெரியவர்களுக்கான சோதனை 1955, 1981, 1997, 2008 என்று அடுத்தடுத்து மாறியது. பழைய அளவுகோலில் எடுத்த எண்ணைப் புதுசில் ஓட்டுவது, எஃப்.சி. முடிந்த வண்டியைச் சங்ககிரி வழியாக எடுத்துப் போவதுதான். வாங்குவார்கள்.

ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது: போடலாம்; எந்தச் சோதனை, எந்த அளவுகோல், எந்தத் தேதி, யார் முன்னிலையில் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். கூடவே, இதுவரை என்ன சரக்கு ஏற்றி எங்கே இறக்கினோம் என்பதையும்.

பரிந்துரையைச் செயல்படுத்திப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தான். என் அக்கா மகன், ராசிபுரம் பக்கம். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. 'ஐ.க்யூ. 138' என்று போட்டிருந்தான். விதிப்படி முழுசாக எழுதச் சொன்னேன். எழுதி அனுப்பினான்: போனில் வந்த விளம்பரத்தைத் தட்டியது, சேலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது இருபது நிமிஷம், முன்னிலை யாருமில்லை. அடுத்து போன் போட்டான்.

"மாமா, ரிசல்ட்டைப் பார்க்கறதுக்கு 499 ரூபாய் கட்டச் சொன்னான். கட்டினேன். அதையும் போடோணுமா?"

"போடோணும் மாப்ளே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மறுநாள் பார்த்தபோது 138ஐக் காணோம். அந்தப் பகுதியில் 'டைப்ரைட்டிங், இங்கிலீஷ் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று இருந்தது. பத்தாவது லீவில் தொடங்கி அக்கா அடித்து விரட்டி இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பி வாங்க வைத்தது. கீழே இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள், அதில் ஒருவர் அவனுடைய மேனேஜர்.